விரிசல் எத்தனை விரல்

புதன்கிழமை அளக்க வருகிறார்கள்,
அப்புத்தளையிலிருந்து ஓர் அதிகாரி,
அவருக்குக் குடை பிடிக்கத் தலைவர்,
ஒரு நாடா, ஒரு சிவப்புப் பெயின்ட் டப்பா.
வந்திருப்பது இருபது வீடு, ஏழு பேர்ச் காணியோடு.
எங்கள் மேல்பிரிவில் லயம் ஆறு,
காம்பரா எழுபத்திரண்டு.

என் சுவரில் விரிசல் உண்டு.
இல்லையென்று நான் சொல்லவில்லை.
சுரூபத் தட்டுக்குக் கீழே தொடங்கி
அடுப்படி வரை இறங்குகிறது,
தையல்நூல் தடிமனில்.
விரல் நுழைந்தால் சிவப்புக் குறி.
நூல் நுழைந்தால் ஒன்றுமில்லை.

பீலிக்கரையில் வாய் கொப்பளித்துக்கொண்டே
அருளப்பன் சொன்னான்:
"அலவாங்கு இருக்குல்ல?
ரெண்டே நெம்பு. யாரு கேக்கப் போறா?
இருநூறு வருசமா நம்மள ஏமாத்துனாங்க.
ஒருநாளு நாம ஏமாத்துனா
ஆண்டவரு கோவிச்சுக்குவாரா?"

அவன் பேச்சில் நியாயம் இருந்தது.
அதுதான் எனக்குப் பயம்.
அசிங்கமாக வந்தால் துரத்திவிடலாம்;
இது என் சின்னவளின் இருமலை
இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தது.

செவ்வாய் இரவு
பிலோமி தூங்குவதுபோல் கிடந்தாள்.
அலவாங்கை எடுத்தேன். சில்லென்றிருந்தது.
முனையை விரிசலில் வைத்தேன்.
சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது
பாதத்தில், கோதுமை மாவுபோல.

செபம் வரவில்லை.
உண்மையில் கணக்குத்தான் வந்தது:
இருபதில் ஒருவனாக நான் நுழைந்தால்
வெளியே விழுவது யார்?
சுவருக்கு அந்தப் பக்கம்
சலேத்தம்மாவின் கட்டில் முனகியது.
அவள் காம்பராவில் கையே நுழையும்.
பழைய சேலையைச் சுருட்டி அடைத்திருக்கிறாள்,
காற்று வராமல். பாம்பும் வராமல்.

"மலை விழுந்தால், ஆண்டவரே?"
பதில் இல்லை.
"விழாது என்றாவது சொல்லுமே."
அதுவும் இல்லை.
தகரத்தில் மழை தொடங்கியது.
நெடுநேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்,
கை மரத்துப்போகும் வரை.
எந்த நேரத்தில் புரிந்தது என்று தெரியாது:
விழுந்தாலும் அவர் இருப்பார்.
நெம்பினால் நான்தான் இருக்கமாட்டேன்.

அலவாங்கைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.
"வச்சிட்டியா?" என்றாள் பிலோமி, இருட்டிலிருந்து.
"வச்சிட்டேன்."
அவள் நிம்மதிப்பட்டாளா அழுதாளா
இன்றுவரை நான் கேட்கவில்லை.

"நூல்தான், சேர்," என்றேன் மறுநாள்,
நாடாவை விரிக்கும் முன்பே.
அதிகாரி என்னை ஒருமாதிரி பார்த்தார்.
சலேத்தம்மாவின் சுவரில் சிவப்பு விழுந்தது.
அருளப்பன் சுவரிலும் விழுந்தது.
வானம் இடியவில்லை.
சாயங்காலம் அவன் எனக்கு வெற்றிலை தந்தான்,
நான் வாங்கிக்கொண்டேன்.

போகும்போது ஒரு மழைமானி கொடுத்தார்கள்.
யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமாம்;
கிட்ட நின்றது நான்.
பிளாஸ்டிக் குழாய், ஒரு மஞ்சள் கோடு,
அதற்கு மேலே ஒரு சிவப்பு.
மஞ்சளில் எழுப்பு. சிவப்பில் இறக்கு.

இது ஐப்பசி.
இரவுக்கு மூன்று தரம் போகிறேன்,
தலையில் உரச்சாக்கு, கையில் டோர்ச்.
"பயம் போயிடுச்சா?" என்று கேட்டார் பங்குச்சாமி.
எங்கே சாமி, என்னோடுதான் வருகிறது,
முழங்கால் நடுங்கத்தான் கோட்டைப் பார்க்கிறேன்.
முன்பு அது ஏவும், நான் ஓடுவேன்.
இப்போது சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு
பின்னால் நனைந்துகொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

நேற்று மஞ்சளுக்கு அரை விரல் கீழே நின்றது.
குழாயைத் துடைத்தேன்.
முகில் இறங்கி மூடியிருந்தது;
மலை அங்கே இருக்கிறதா என்றே தெரியவில்லை.
"நீர் இருக்கிறீர்," என்றேன்,
எழுபத்திரண்டு கதவில் ஒன்றும் விழிக்காத குரலில்.
பிறகு கொப்பியில்
நேரத்தையும் அளவையும் எழுதினேன்,
எழுத்து நனையாமல்
உள்ளங்கையால் மறைத்தபடி.